இருபத்தேழரை மில்லிமீட்டர் உருளை

என் தங்கை வீட்டு முன்னறையின் நீளம் நான்கு மீட்டர் அறுபது, அகலம் இரண்டு மீட்டர் எழுபது. ஒரு காலத்தில் அது பூட்டுக் கடையாக இருந்ததால் தெருப்பக்கம் சுவர் கிடையாது, இரும்பு ஷட்டர்தான். அந்த அறையில் ஒன்பது வருடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டு இருக்கை, அவற்றுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின், இடுப்பளவு உயரம். காரை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்திய பிறகு சமையலறைக்குப் போக மிஞ்சிய வழி அறுபத்தாறு சென்டிமீட்டர். கையில் வாளி இருந்தால் என் தங்கை ஒருக்களித்துத்தான் நடப்பாள்.

காருக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘மூத்தாள்’. அதில் பொய் ஒன்றுமில்லை. அவளுடைய கணவர், அதாவது என் மாப்பிள்ளை, அந்தக் காரை ஓட்டத் தொடங்கி நான்கு வருடம் கழித்துத்தான் அவளைக் கட்டிக்கொண்டார்.

“மூத்தாளைத் துடைச்சாச்சா? அப்படியே இளையாளுக்கு அரைக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வந்தா புண்ணியமாப் போகும்” என்பாள். மாப்பிள்ளை துடைக்கும் துணியை நான்காக மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். அவர் பதில் பேசி நான் கேட்டதில்லை.

பதினாறு வயதில் ஒரு லாரிக் கொட்டகையில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இருபத்தொன்றில் ஓட்டுநர் உரிமம். இருபத்தைந்தில் ஒரு பொத்தான் தொழிற்சாலை முதலாளியிடம் டிரைவர். முதலாளி அந்த வருடம்தான் இந்தக் காரைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. முதல் நாளே, “நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பயப்படறேன்” என்றாராம். இருபத்தைந்து வருடம் அப்படியே நடந்தது. ஒருவர் ஓட்டினார், ஒருவர் பயந்தார். இருவருக்கும் அதில் முழுத் திருப்தி.

முதலாளி நோயில் விழுந்ததும் கார் நின்றது. இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து அவர் இறந்தார். சொத்து விவரம் எழுதிய காகிதத்தில் கடைசிக்கு முந்தைய வரி இது: “கம்பெனி சாமான் தவிர வேறு எதையும் இந்த வண்டியில் மாட்டாத என் டிரைவருக்கு இந்த வண்டி.” மூத்த மகன் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாராம். நாலு டயரும் காற்றிறங்கிய காரை வாடகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார்கள். அந்த வரியை மட்டும் நகலெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் மாப்பிள்ளை. பிறகு ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். இப்போது வயது அறுபத்தொன்று. இன்னும் அந்த வேன்தான்.

போன வருடம் ஜனவரி 19ஆம் தேதி வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தைந்து வயது தாண்டிய வண்டிகள் தகுதிச் சோதனைக்கு வர வேண்டும். இழுத்துக்கொண்டு வரக்கூடாது, சொந்த எஞ்சினில் ஓடி வர வேண்டும். இந்த வண்டிக்கு ஒதுக்கிய நாள் இந்த வருடம் மார்ச் 27. வராவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் அது கார் இல்லை, எடைக்குப் போடும் இரும்பு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ஒரு பேருந்து நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன்.

“மச்சான், ஒரே ஒரு தடவை இது ஓடிப் போய் அந்தச் சோதனைக்காரன் முன்னாடி நிக்கணும். அவர் எனக்குன்னு எழுதி வெச்சிட்டுப் போனதை நான் எடைக்குப் போடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

காரை ஆணி ஆணியாகப் பார்த்ததில் முப்பத்தொரு சாமான் மாற்ற வேண்டியிருந்தது. முதலில் அந்தக் கார்க் கம்பெனியின் விற்பனையகத்துக்குப் போனோம். தரை பளபளவென்று இருந்ததால் மாப்பிள்ளை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். டை கட்டிய இளைஞர் கணினியில் தேடிப் பின்விளக்கின் விலையைச் சொன்னார். பள்ளிக்கூட வேனில் அது இரண்டு மாதச் சம்பளம்.

“ஜோடிங்களா?” என்றார் மாப்பிள்ளை.

“ஒண்ணுக்கு ஸார்.”

“இந்த விலைக்கு எரியறதோட நிக்குமா, வண்டியையும் அதுவே ஓட்டுமா தம்பி?”

இளைஞருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “ஆர்டர் போட்டா ஏழு மாசம் ஆகும் ஸார். உங்க லிஸ்ட்ல பாதி இப்ப தயாரிக்கறதே இல்ல.”

அடுத்து ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த உடைப்புக் கடைக்குப் போனோம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம். அதை நடத்திய அம்மா, பேருந்திலிருந்து கழற்றிய இரட்டை இருக்கை ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் முதலில் “இல்ல” என்பார், பிறகு எங்கே இருக்கிறது என்று சொல்வார்.

அங்கே ஒரு பால் வேனின் பின்விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்பது இலக்க எண் புடைப்பாக இருந்தது. காரிலிருந்து கழற்றிய விளக்கிலும் அதே ஒன்பது இலக்கம். பெரிய கம்பெனிகள் விளக்கும் சுவிட்சும் தாங்களே செய்வதில்லை. விளக்குத் தொழிற்சாலையில் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். அதே அச்சில் வார்த்ததுதான் பால் வேனுக்கும் போகும். கிடங்கில் வேலை செய்த யாருக்கும் இது தெரியும்.

மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. “முதலாளி வண்டிக்குப் பால் வேன் லைட்டா? வேண்டாம் மச்சான். அவர் எழுதி வெச்சிருக்கறது என்ன, நான் செய்யறது என்ன?”

“நம்பரைப் பாருங்க மாப்பிள்ளை. பால்காரன் பெட்டி இல்லாம வாங்கினான், உங்க முதலாளி பெட்டியோட வாங்கினார். சாமான் ஒண்ணுதான்.”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் மூன்று முறை விரல் வைத்துப் படித்தார். “அப்ப இது கம்பெனி சாமான்தான்?”

“கம்பெனி சாமான்தான்.”

“எங்கிட்ட இருக்கறதைத் தள்ளிவிட இவங்களே என்னென்னமோ பேசறாங்க பாரு” என்றார் அந்த அம்மா, யாரிடமோ சொல்வதுபோல. “வாங்கறவங்களே இப்படிப் பேசினா நான் எதுக்குக் கடை போட்டு உக்காந்திருக்கேன்?”

அன்று முதல் எங்களுக்குள் ஒரு விதி. எண் ஒத்துப்போனால் மட்டுமே வாங்குவது. கண்ணாடி ஏற்றும் சுவிட்ச் ஒரு மூன்று சக்கர வண்டியிலிருந்து வந்தது. பெட்ரோல் பம்ப் வாடகைக் காரிலிருந்து. தண்ணீர் பம்பில் கசிவை அடைக்கும் சீல், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கானது. பதினோரு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்து, டிசம்பர் முடிவில் முப்பது சாமான் சேர்ந்திருந்தது. தங்கை அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, “மூத்தாளுக்கு ஊரெல்லாம் சொந்தபந்தம் இருக்குண்ணா. எனக்குத்தான் யாருமில்ல” என்றாள். ஆனால் கை எண்ணெய் ஆனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எங்களோடு சேர்ந்து நம்பத் தொடங்கியிருந்தாள் என்று நினைக்கிறேன்.

முப்பத்தொன்றாவது சாமான் டென்ஷனர் உருளை. எஞ்சினுக்குள் பல் வைத்த பெல்ட் ஒன்று ஓடுகிறது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை அந்த பெல்ட்தான் முறைப்படுத்துகிறது. அதைத் தளராமல், விலகாமல் அழுத்திப் பிடித்திருப்பது இந்த உருளை. பெல்ட் விலகினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். எஞ்சின் அதோடு சரி.

கழற்றிய உருளை துருவேறி இறுகிப்போயிருந்தது. எண் எங்கும் இல்லை. சுற்றிலும் வழவழவென்றிருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று இடத்தில் அகலத்தை அளந்தேன். மூன்று முறையும் 27.5 மில்லிமீட்டர். கம்பெனியின் சாமான் புத்தகத்தின் நகல் என்னிடம் இருந்தது. அதில் 29.0 என்றிருந்தது.

“மாப்பிள்ளை, இது கம்பெனி உருளைதானா?”

ஒரு நிமிடம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆமா மச்சான். முதலாளி படுக்கைல விழறதுக்கு முன்ன வருஷம் நானே போய் வாங்கியாந்து மாட்டினது.”

“புத்தகத்துல வேற அளவு இருக்கே?”

“மாட்டி நானூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன். ஒண்ணும் ஆகல.”

இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. பழைய பெல்ட்டின் ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்ததைப் பார்த்தேன்; ‘பழமையால்’ என்று குறித்துக்கொண்டேன். எண் இல்லாத கம்பெனி சாமானை முப்பத்துநான்கு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதேபோல் புதிதாக ஒன்று கடைந்து வாங்க உருளையை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். லேத்துக்காரர் நான் அளவு எழுதிய தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “புக்ல ஒண்ணு இருக்கு, கையில ஒண்ணு இருக்கு. எதைச் செய்யட்டும் ஸார்?”

“கையில இருக்கறதை.”

“புக் போட்டவன்தான ஸார் வண்டியும் செஞ்சான்?”

“புத்தகத்துல அச்சுப்பிழை வரும். ஓடின சாமான்ல அச்சுப்பிழை வராது” என்றேன். சொல்லிவிட்டு, புத்தகத்தில் 29.0 என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே 27.5 என்று எழுதி, தேதியும் போட்டேன். மாப்பிள்ளை பட்டறை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8ஆம் தேதி பகல் பதினொன்று இருபதுக்கு எஞ்சின் உயிர் பெற்றது. முன்னறையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தங்கை காதைப் பொத்திக்கொண்டு, “சத்தத்தைப் பாரு, இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்ததே பெரிய விஷயம்!” என்று கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளை ஒரு கையைக் காரின் கூரைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அதன்பின் தினமும் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டோம். ஒரு குறையும் தெரியவில்லை.

மார்ச் 25 மாலை நான்கு மணிக்கு, சோதனைக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமென்று வெளியே எடுத்தார். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி. இருக்கை அவ்வளவு தாழ்வு. தெருவே ஷட்டர்களைத் திறந்துகொண்டு பார்த்தது. ஊருக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக இருக்கும் நேர்ச் சாலைக்கு வந்ததும் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். பள்ளி வேனில் கூன் போட்டு உட்காரும் மனிதர் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், பயப்படுங்க. அந்த சீட்டுக்கு அதுதான் வேலை.”

நான் பயந்தேன். அவர் சிரித்தார். முள் தொண்ணூறைத் தாண்டியது.

பதினோராவது கிலோமீட்டரில், ஒரு பிடி ஆணியைத் தகரத்தில் கொட்டியதுபோல் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றுவிட்டது. கார் தானாக உருண்டு ஒரு கிடங்குச் சுவரோரம் போய் நின்றது.

பெல்ட் மூடியைக் கழற்றியபோது பாதிப் பற்கள் உதிர்ந்து, ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. பழைய பெல்ட் பிரிந்திருந்த அதே ஓரம். உருளை ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் குறைவாக இருந்ததால் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் நகர்ந்து தகட்டில் உரசியிருக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது தாங்கியது, வேகத்தில் தாங்கவில்லை. பிறகு வீட்டுக்கு இழுத்து வந்து பிரித்துப் பார்த்ததில் பன்னிரண்டு வால்வில் ஒன்பது வளைந்திருந்தன. ஒன்று ஒடிந்து பிஸ்டனைத் துளைத்திருந்தது.

மூடியைக் கழற்றியதுமே மாப்பிள்ளை சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

“மச்சான், அது கம்பெனி உருளை இல்ல.”

நான் பெல்ட் மூடியைக் கீழே வைத்தேன்.

“அன்னிக்கு முதலாளி வாங்கியாரச் சொல்லி என்னை அனுப்பினாரு. கம்பெனில நாலு மாசம் ஆகும்னுட்டாங்க. இவர் அடுத்த வாரம் வெளியூர்ல இருக்கற பொண்ணு வீட்டுக்கு வர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டாரு. மாவு மில் உருளை ஒண்ணு கிடைச்சுது. கடைஞ்சு மாட்டிட்டேன், அம்பதுக்கு மேல போகாமப் பாத்துக்கிட்டேன். கம்பெனிதுதானேன்னு கேட்டாரு. ஆமான்னேன். ஒரு வார்த்தைதான் மச்சான். அடுத்த நாள்லேருந்து வீட்டுக்கு வர்றவங்ககிட்டெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, என் டிரைவர் கம்பெனி சாமானைத் தவிர எதையும் தொடமாட்டான்னு. அப்புறம் நான் எங்க போய்ச் சொல்றது? கடைசில எழுதியே வெச்சிட்டாரு.”

“நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை.”

“சொல்ல வாயெடுத்தேன். நீங்க பேனாவை எடுத்துப் புத்தகத்தையே திருத்திட்டீங்க. ஒருவேளை இதுதான் சரியான அளவோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

அவர் ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருடம் மூடி வைத்திருந்தார். அதற்குத் தேதி போட்டு உறுதி செய்தவன் நான்.

மார்ச் 27 வந்து போனது. 31ஆம் தேதி பதிவு ரத்துக் கடிதம் வந்தது. உடைப்புக் கடை அம்மா நேரில் வந்து, முன்னறையில் காரைச் சுற்றி ஒருக்களித்து நடந்து பார்த்தார்.

“எடைக்குத்தான் எடுப்பேன்” என்றார்.

“சாமானெல்லாம் புதுசா மாத்தியிருக்கும்மா. பிரிச்சு வித்தா போகுமே” என்றேன்.

“எது போகும்ங்கறீங்க? லைட்டு பால் வேன்து. பம்பு டாக்ஸிது. எங்கிட்ட வாங்கினதை எங்கிட்டயே விக்கறீங்களே. இந்தக் காரு வெச்சிருக்கறவன் சாமான் வாங்க மாட்டான் ஸார், பெட்டிதான் வாங்குவான். எஞ்சின் ஒண்ணு நல்லா இருந்திருந்தா வேற பேச்சு.”

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் 29.0க்குப் பக்கத்தில் கம்பெனி எண் ஒன்று இருந்ததே. அதைச் சொல்லி, “இந்த நம்பர் உருளை உங்ககிட்ட இருக்குமா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். பிறகு, “டாக்ஸி அடுக்குல, நாலாவது தட்டுல, ஒரு டப்பா நிறைய இருக்கும். எதுக்கு இப்ப?”

மறுநாள் போய்ப் பார்த்தேன். இருந்தது. ஒரு உருளையின் விலை இரண்டு டீக்கு மேல் வராது. ஒன்று வாங்கி அளந்தேன், சரியாக 29. மாப்பிள்ளையிடம் அதைக் காட்டவில்லை. எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டால், பதினோரு மாதம் அலைந்த அதே கடையில் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 3ஆம் தேதி காரை லாரியில் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பும்வரை மாப்பிள்ளை பார்த்தார். பிறகு உள்ளே வந்து தொலைபேசியை எடுத்து முதலாளியின் மூத்த மகனை அழைத்தார். காது மந்தமானதால் அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார். தங்கையும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

“ஐயா, நான் அப்பாகிட்ட டிரைவரா இருந்தவன் பேசறேன்.”

“ஓ, சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேங்க. அப்பாகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அவர் இல்ல, அதான் உங்ககிட்ட சொல்றேன். காருக்குக் கம்பெனி சாமான் போட்டேன்னு சொன்னது உண்மை இல்லீங்க.”

“எந்தக் காரு?”

“சிவப்புக் காருங்க. ரெண்டு சீட்டு.”

“ஓ, அதுவா! அதை நீங்க அப்பவே எடைக்குப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். ஏதாவது உதவி வேணுங்களா? ஒரு மீட்டிங்ல இருக்கேன். ஆபீஸ்ல சொல்லி வைக்கறேன்.”

“இல்லீங்க. ஒண்ணும் வேண்டாங்க” என்று மாப்பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் மறுமுனை துண்டிக்கப்பட்டிருந்தது.

தங்கை ஏதாவது கேலியாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது அவர் வேனுக்குப் போயிருந்தார். எப்படியிருக்கிறார் என்று தங்கையிடம் கேட்டேன்.

“வேலைக்குப் போறாருண்ணா, சாப்பிடறாரு. இனி இதை யாருகிட்ட போய்ச் சொன்னா தீரும்னு மட்டும் கேட்டுட்டே இருக்காரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.